கோலாலம்பூர்–சென்னை தூரம்: 1,421-ஆ, 1,635-ஆ, 2,632-ஆ?

பிறைவாசி · 6 ஜூலை 2025, இரவு 9.12

அம்மாவுக்கு 78 வயது. முதல் தடவையாகச் சென்னைக்குப் போகப்போகிறார். முழங்கால் வலி, ரொம்ப நேரம் உட்கார முடியாது. எத்தனை மணி நேரம் ஆகும் என்று தேடினால் குழப்பம்தான் மிச்சம். கோலாலம்பூர்–சென்னை தூரம் ஓர் இடத்தில் 1,421, இன்னோர் இடத்தில் 1,635, மூன்றாவது இடத்தில் 2,632. டிக்கெட் விலை பார்த்த பக்கத்தில், போகும்போது காலை 9.10க்குக் கிளம்பி 10.35க்குச் சேர்கிறது. வரும்போது காலை 11.35க்குக் கிளம்பி மாலை 6.05க்குச் சேர்கிறது. போக ஒன்றரை மணி நேரம், வர ஆறரை மணி நேரமா? போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம் என்கிறார் எங்கள் மாமா. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்துக்காரன் · 6 ஜூலை, இரவு 10.05

மூன்று எண்ணும் சரி. 1,421 கடல் மைல், 1,635 சாதா மைல், 2,632 கிலோமீட்டர். அலகு போடாமல் எண்ணை மட்டும் போட்டால் இந்தக் கதிதான். பினாங்கின் பாயான் லெப்பாஸில் 26 வருடம் சரக்கு அனுப்பும் கம்பெனியில் இருந்தவன் நான். எடை பவுண்டா கிலோவா என்று எழுதாமல் வந்த ஒரே ஒரு தாளுக்காக விடிய விடிய பெட்டிகளை மறுபடி எடை போட்ட அனுபவம் உண்டு.

கடல் மைல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். பூமத்திய ரேகையிலிருந்து வடதுருவம் வரை 90 பாகை. ஒரு பாகையை 60 துண்டாக்கினால் ஒரு துண்டு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். வரைபடத்தின் ஓரத்துக் கோடுகளை வைத்தே தூரத்தை அளந்துவிடலாம் என்பதால் கப்பல்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். விமானக்காரர்கள் அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

நேரத்துக்கு வருவோம். நம் கடிகாரம் கிரீன்விச்சைவிட 8 மணி நேரம் முன்னால், இந்தியக் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால். வித்தியாசம் இரண்டரை. சென்னையில் 10.35 என்றால் இங்கே மதியம் 1.05. காலை 9.10லிருந்து எண்ணுங்கள்: 3 மணி 55 நிமிடம். வரும்போது சென்னையில் 11.35, இங்கே 2.05. அங்கிருந்து 6.05 வரை சரியாக 4 மணி நேரம். மாமாவிடம் சொல்லுங்கள், ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கைக்கடிகாரம்தான் ஏமாற்றுகிறது.

6 ஜூலை, இரவு 10.18

விட்டுப்போனது. இந்த இரண்டரை மணி நேர வித்தியாசம் என்றைக்கும் உள்ளதுதான், மாறாது. ஐரோப்பாவில்தான் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று முள்ளைத் தள்ளி வைப்பார்கள். நமக்கும் இந்தியாவுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

7 ஜூலை, காலை 7.30

"2,632 கிலோமீட்டரை விமான வேகம் 840ஆல் வகுத்தால் 3 மணி 8 நிமிடம்தானே வருகிறது, மீதி முக்கால் மணி நேரம் எங்கே?" என்று சுங்கைப்பட்டாணி வாத்தியார் கேட்டிருக்கிறார். ஓய்வு பெற்றும் கணக்கை விடவில்லை மனிதர்.

டிக்கெட்டில் போடும் நேரம் பறக்கிற நேரம் இல்லை. நிற்கும் இடத்தில் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரைக்குமான நேரம் அது. ஓடுபாதை வரை உருண்டு போவது, முன்னால் நிற்கும் நான்கு விமானத்துக்கு வழிவிடுவது, மேலே ஏறும்போது வேகம் குறைவாக இருப்பது, இறங்கும்போது ஒரு சுற்றுச் சுற்ற வைப்பது, எல்லாமே அதில் அடக்கம். கொஞ்சம் தாமதமானாலும் "நேரத்துக்கு வந்தோம்" என்று சொல்லிக்கொள்ள விமானக் கம்பெனிகள் சில நிமிடங்களைக் கூட்டியே போடுகின்றன.

பக்கத்து ஊருக்குப் போனால் இது இன்னும் நன்றாகத் தெரியும். பினாங்கு–கோலாலம்பூர் வானத்தில் சுமார் 325 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 23 நிமிடம். ஒரு தடவை குறித்து வைத்தேன்: 2.05க்கு நகர்ந்தது, 2.21க்குத் தரையை விட்டது, 2.58க்குச் சக்கரம் தரையில் பட்டது, 3.07க்கு நின்றது. 62 நிமிடத்தில் 25 நிமிடம் தரையில். காற்றில் இருந்த 37 நிமிடத்திலும் பாதி ஏறுவது, பாதி இறங்குவது. தண்ணீர்ப் போத்தல் கொடுத்த பெண் அதைத் திரும்ப வாங்க ஓட்டமாக வந்தது.

7 ஜூலை, மதியம் 1.10

வாத்தியாரின் அடுத்த கேள்வி: பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறதே, நாம் மேலே போய் நின்றால் சென்னை தானாக நம்மை நோக்கி வராதா?

பூமத்திய ரேகைப் பக்கம் தரை மணிக்கு சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்தக் கணக்கில் ஒன்றரை மணி நேரம் மேலே மிதந்தால் போதும், மீனம்பாக்கம் காலடியில் வந்து நிற்க வேண்டும். வராது. பட்டர்வொர்த்திலிருந்து ஈ.டி.எஸ். ரயிலில் வரும்போது வண்டி 140 கிலோமீட்டர் வேகத்தில் போகும். என் பேரன் நடைபாதையில் நின்றுகொண்டு குதிகுதி என்று குதித்தான். குதித்த இடத்திலேயேதான் இறங்கினான், பின்னாலிருந்த பெட்டியில் போய் விழவில்லை. தரையோடு சேர்ந்து காற்றும் ஓடுகிறது, விமானமும் அந்தக் காற்றில்தான் இருக்கிறது.

காற்றுக்கென்று தனி ஓட்டம் இருப்பதுதான் வித்தியாசம் காட்டும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக ஓடும் காற்று உண்டு. அதனால்தான் கிழக்கே வரும் விமானம் எப்போதும் சீக்கிரம் வரும். லண்டன் போக கிட்டத்தட்ட 14 மணி நேரம், திரும்பி வர 13.

7 ஜூலை, மதியம் 1.40

பிறைவாசி என்னை மடக்கிவிட்டார். "கிழக்கே வருவது சீக்கிரம் என்றால் சென்னையிலிருந்து வருவதற்கு ஏன் 5 நிமிடம் கூடப் போட்டிருக்கிறார்கள்?" நல்ல கேள்வி. சாப்பிட்டுவிட்டு யோசிக்கிறேன்.

8 ஜூலை, இரவு 11.25

அந்தக் கேள்வி அப்படியே இருக்கட்டும். அதற்கு முன்னால் வேறொரு தப்பைத் திருத்த வேண்டும். இரண்டரை மணி நேர வித்தியாசம் என்றைக்கும் உள்ளது என்று எழுதிவிட்டேன். தப்பு.

இன்று சாயங்காலம் தண்ணீர்மலைக் கோயில் படியில் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா கல்யாணம் நினைவுக்கு வந்தது. 1969. கல்யாணம் தஞ்சாவூர்ப் பக்கம், அப்பாவால் போக முடியவில்லை. முகூர்த்தம் காலை 6.15 என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அன்று எங்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தி, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார வைத்தார் அப்பா. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் சரியாக 8.15க்கு "இப்போ தாலி ஏறுது" என்று சொல்லி அரிசியை அள்ளிச் சுவர்ப் பக்கம் போட்டார். அரிசி படத்தில் பட்டுக் கீழே சிந்திய சத்தம் வரை காதில் இருக்கிறது. 8.15 என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அந்த நேரத்தில் பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டும், தப்பித்தோம் என்று நினைத்தவன் நான். 6.15க்கும் 8.15க்கும் இரண்டு மணி நேரம்தானே? அப்பா கணக்கில் தப்பு செய்கிற ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். அப்பா செய்தது சரி. தீபகற்ப மலேசியா அப்போது கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. சபாவும் சரவாக்கும் 8 மணி நேரம். நாடு முழுக்க ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் நம் முள்ளை அரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. ஆக, இந்தியாவோடு இருந்த இரண்டு மணி இரண்டரை மணியானது அன்றிலிருந்துதான். பினாங்கில் காலை ஏழு மணிக்குப் பசியாறப் போனால் இன்னும் இருட்டாக இருப்பதற்கும் காரணம் இதுதான். சூரியன் தன் பழைய நேரத்துக்குத்தான் வருகிறது, முள்ளைத் தள்ளியது நாம்.

9 ஜூலை, காலை 6.50

ஈப்போ அக்கா எழுதியிருக்கிறார்: சென்னைக்கு எதற்கு, திருச்சிக்குப் போங்கள், தெற்கே இருப்பதால் நமக்குக் கிட்ட.

கிட்ட இல்லை அக்கா. திருச்சி தெற்கே இருப்பது உண்மை, ஆனால் சென்னையைவிட மேற்கேயும் இருக்கிறது. மேற்கே கூடியது தெற்கே குறைந்ததைத் தின்றுவிடுகிறது. கோலாலம்பூரிலிருந்து திருச்சி சுமார் 2,690 கிலோமீட்டர், சென்னையைவிட 60 கிலோமீட்டர் கூடுதல். ஊர் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் என்றால் திருச்சியில் இறங்குவதுதான் புத்திசாலித்தனம், அது வேறு கணக்கு. இறங்கிய பிறகு சாலையில் மிச்சமாகும் ஐந்தாறு மணி நேரத்துக்கு முன்னால் இந்த 60 கிலோமீட்டர் நான்கு நிமிடம்.

10 ஜூலை, இரவு 9.00

லண்டன் பேச்சை நானே எடுத்ததால் இதையும் எழுதுகிறேன். என் மகன் அங்கே இருக்கிறான். கோலாலம்பூர்–லண்டன் விமானம் நம் சென்னை மேலேதான் போகிறது, அங்கே ஒரு நிமிடம் நிறுத்தினால் சொந்தக்காரர்களுக்குப் பலகாரம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வீட்டில் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆதாரம்: கூடத்துச் சுவரில் இருக்கும் உலகப் படம். கோலாலம்பூரில் ஒரு விரல், லண்டனில் ஒரு விரல் வைத்து, பூக்கட்டும் நூலை இழுத்துப் பிடித்தால் நூல் நெல்லூர் பக்கமாகப் போகும். சென்னைக்குக் கொஞ்சம் வடக்கே, அவ்வளவுதான்.

இன்று பேரனுக்கு வாங்கிய உலக உருண்டையில் அதே நூலை வைத்தேன். குறுக்களவு 30 சென்டிமீட்டர், அதில் ஒரு சென்டிமீட்டர் சுமார் 425 கிலோமீட்டர். லூஸாக விட்ட நூலை மெதுவாக இழுக்க இழுக்க அது தானாக வடக்கே நழுவுகிறது. சென்னையை விட்டது, விசாகப்பட்டினத்தை விட்டது, ஒடிசாக் கரையில் போய் நின்றது. அங்கிருந்து டெல்லிக்குச் சற்றுக் கிழக்கே, ராவல்பிண்டி பக்கம், ஆப்கானிஸ்தான், காஸ்பியன் கடலின் வடகிழக்கு முனை, உக்ரைன், ஜெர்மனி, லண்டன். பேரன் மீனம்பாக்கத்தில் கட்டை விரலை வைத்து நூலை அமுக்கிப் பார்த்தான், விரலை எடுத்ததும் டங்கென்று ஒடிசாவுக்குத் திரும்பிவிட்டது. உருண்டையில் குறுக்கு வழி அதுதான். தட்டைப் படத்தில் நேராகத் தெரிவது நிஜத்தில் சுற்று வழி.

அளந்ததையும் சொல்லிவிடுகிறேன். நேராக 25 சென்டிமீட்டர், அதாவது 10,600 கிலோமீட்டர். கோலாலம்பூர்–சென்னை 6.2, சென்னை–லண்டன் 19.4, கூட்டினால் 25.6. பலகாரம் கொடுக்கப் போனால் கூடுதல் அரை சென்டிமீட்டர் சொச்சம், சுமார் 260 கிலோமீட்டர். பறப்பதில் இருபது நிமிடம்கூட இல்லை! ஆக நான் சொன்னது தப்பாகவும் இருக்கிறது, தப்பில்லாமலும் இருக்கிறது. இறங்கி ஏறுவதற்குப் பிடிக்கும் இரண்டு மணி நேரத்தைப் பற்றி என் மனைவி கேட்டார், பதில் சொல்லவில்லை.

10 ஜூலை, இரவு 9.45

அந்த நூல் உக்ரைன் மேல் கிடப்பதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டேன். 2014 ஜூலை 17. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் வந்துகொண்டிருந்த எம்.எச்.17, உக்ரைன் மேல் சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசிய விமானம், 298 பேர். அது ஏன் அந்தப் பக்கம் வந்தது என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும், ஐரோப்பாவுக்கும் நமக்கும் குறுக்கு வழி அது. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதிலிருந்து உக்ரைன் வான்வெளி பயணி விமானங்களுக்கு மூடியே கிடக்கிறது. இப்போது விமானங்கள் தெற்கே வளைந்து துருக்கி, கருங்கடல் பக்கமாகப் போகின்றன. அதனால் 10,600 என்பது நூலின் தூரம். விமானம் நிஜமாகப் பறப்பது எப்போதும் அதைவிடக் கூடுதல், எவ்வளவு கூடுதல் என்பது அன்றன்றைக்கு எந்த வானம் திறந்திருக்கிறதோ அதைப் பொறுத்தது.

11 ஜூலை, இரவு 10.30

பிறைவாசியின் 5 நிமிடக் கேள்விக்குப் பதில் கிடைத்தது, என் பழைய கைப்பேசிக் குறிப்பிலேயே.

2023 ஜூலையில் சென்னை போனபோது ஜன்னல் ஓரம் இடம். 'ஃபிளைட் மோட்' போட்டிருந்தாலும் கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேலை செய்யும், ஜன்னலோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், இரண்டு மூன்று நிமிடம் பொறுமை வேண்டும். அந்தமானுக்குத் தெற்கே போகும்போது மணிக்கு 885, 890 கிலோமீட்டர் என்று காட்டியது. பதினைந்து நாள் கழித்துத் திரும்பும்போது கிட்டத்தட்ட அதே இடத்தில் 795, 800. அதே வகை விமானம். அப்போது "வரும்போது மெதுவாக ஓட்டுகிறான்" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். என் மூளை.

கிழக்கே வருவது எப்போதும் சீக்கிரம் என்று 7ஆம் தேதி எழுதினேனே, அதில் "எப்போதும்" தப்பு. டெல்லி, ஈரான், ஐரோப்பா பக்கத்துக்கு அது பொருந்தும், குளிர்காலத்தில் ரொம்பவே பொருந்தும். ஆனால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் உயரத்தில் அடிப்பது கீழைக்காற்று. கிழக்கிலிருந்து மேற்கே. கீழே தரையில் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது, மேலே நேர் எதிராக ஓடுகிறது. கோடையில் திபெத் மேட்டு நிலமும் வட இந்தியாவும் சூடேறி, உயரத்தில் வெப்பம் வடக்கே கூடிவிடுவதால் வருவது இது. 1950களில் இந்திய வானிலை ஆய்வாளர் கோட்டீஸ்வரம் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆக ஜூலையில் சென்னைக்குப் போகும்போது முதுகுக்குப் பின்னால் காற்று, வரும்போது முகத்தில் காற்று. மணிக்கு 45 கிலோமீட்டர் காற்று என்றால் போக வர வித்தியாசம் 90. என் குறிப்பும் அதைத்தான் சொல்கிறது.

மாமா சொன்ன "இறக்கம், ஏற்றம்" ஜூலை மாதத்துக்கு ஓரளவு சரி என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

11 ஜூலை, இரவு 10.41

பிறைவாசி எழுதுகிறார்: மாமா அதைப் படித்துவிட்டார், இனி வீட்டில் இருக்க முடியாது.

13 ஜூலை, மாலை 5.15

இவ்வளவு எழுதியும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று ஈப்போ அக்கா திட்டுகிறார். அம்மா எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்?

அதற்கு விமான நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. என் 555 நோட்டுப் புத்தகத்தில் அந்த 2023 பயணத்தை வீட்டு வாசலிலிருந்து குறித்திருக்கிறேன். சின்ன நோட்டு, மளிகைக் கடை பாக்கி எழுதுவதற்கு வாங்கியது, அதனால் ஒரு பக்கம் வெங்காயம், அடுத்த பக்கம் வங்காள விரிகுடா.

இரவு 10.30 வீட்டை விட்டுக் கிளம்பினோம். பேருந்து. விடியற்காலை 4.15 கோலாலம்பூர் விமான நிலையம் (கே.எல்.ஐ.ஏ.) இரண்டாம் முனையம். பெட்டி போடும் இடம் திறக்கவில்லை, தூணோரம் தரையில் துண்டு விரித்து உட்கார்ந்தோம். 6.30 வரை வரிசை. குடிநுழைவு. 8.25க்கு விமானத்தில் ஏறினோம், 9.10க்கு நகர்ந்தது, 10.35 சென்னை. வெளியே வர 11.50. பெட்டி வரும் பட்டையில் எங்கள் பெட்டி கடைசி, பிடி உடைந்து வந்தது, யாரிடமும் சொல்லிப் பயனில்லை. வாடகைக் காரில் செங்கல்பட்டுத் தங்கச்சி வீடு மதியம் 1.40.

மொத்தம் 15 மணி 10 நிமிடம். அதில் விமானம் நகர்ந்தது முதல் நின்றது வரை 3 மணி 55 நிமிடம். கால்வாசி.

முழங்கால் வலிக்குப் பகை விமானம் இல்லை தம்பி. பேருந்தில் ஐந்தே முக்கால் மணி நேரம், பிறகு தூணோரம். நீங்கள் இருப்பது பினாங்குப் பக்கம், பிறையில், எதற்கு அம்மாவைக் கோலாலம்பூர் வரை இழுத்துக்கொண்டு போகிறீர்கள்? இண்டிகோ 2024 டிசம்பர் 21 அன்று சென்னை–பினாங்கு நேரடி விமானத்தைத் தொடங்கியது. தூரமும் குறைவு, பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸிலிருந்து சென்னை சுமார் 2,370 கிலோமீட்டர், கோலாலம்பூரைவிட 260 கிலோமீட்டர் மிச்சம். பாலத்தைத் தாண்டினால் விமான நிலையம். டிக்கெட் நூறு, நூற்றைம்பது வெள்ளி (ரிங்கிட்) கூடினாலும் பேருந்துக் காசையும் தூணோரத்தையும் கழித்துப் பாருங்கள்.

13 ஜூலை, இரவு 11.50

260 என்று எழுதியதும் சிரிப்பு வந்தது. பலகாரம் கொடுக்க ஆகும் தூரமும் 260தான். தற்செயல்.

தூக்கம் வரவில்லை, அம்மா கதையையும் எழுதிவிடுகிறேன். என் அம்மா 1952இல் கல்யாணமாகி ரஜூலா கப்பலில் வந்தவர். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1926இலிருந்து எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடிய கப்பல். போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது இப்போதைய கிள்ளான் துறைமுகம்.

அம்மாவிடம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் "அஞ்சு முடிச்சு" என்பார். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்த ஒவ்வொரு ராத்திரியும் முந்தானை ஓரத்தில் ஒரு முடிச்சுப் போட்டாராம், நாள் குழம்பாமல் இருக்க. ஐந்தாவது முடிச்சுக்கு அடுத்த காலை பினாங்கு மலை தெரிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நாகப்பட்டினம்–பினாங்கு நேர்கோட்டில் சுமார் 1,260 கடல் மைல். கப்பல் 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் போனதாக வைத்துக்கொண்டால் 105 மணி நேரம். நான்கரை நாளுக்குக் கொஞ்சம் குறைவு. சாயங்காலம் ஏறியிருந்தால் ஐந்து ராத்திரி சரியாக வருகிறது.

இதில் வேடிக்கை, கப்பல் வேகத்துக்குச் சொல்லும் 'நாட்' என்பதும் முடிச்சுதான். கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கடலில் விட்டு, குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சு கையை விட்டு ஓடுகிறது என்று எண்ணிய காலத்துப் பெயர். அம்மாவுக்கு அது தெரியாது. இன்றைய விமானி வேகத்தைச் சொல்வதும் அதே 'நாட்' கணக்கில்தான்.

15 ஜூலை, காலை 8.05

பிறைவாசிக்கு. நேரடி விமானத்தில் அம்மாவுக்கு நடைவழி ஓரத்து இடம் வாங்குங்கள், ஜன்னல் வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள், போன பிறகு கேட்டால் காத்திருக்க வேண்டும். சக்கர நாற்காலி என்றால் அம்மாவுக்குக் கௌரவம் குறையும், என் மாமியாரும் முதலில் மாட்டேன் என்றார். குடிநுழைவு வரிசையைத் தாண்டி முன்னால் தள்ளிக்கொண்டு போனதும், அடுத்த பயணத்துக்கு அவரே ஞாபகப்படுத்தினார். கிட்டத்தட்ட 3 மணி 40 நிமிடப் பயணம், நடுவில் இரண்டு தடவை எழுந்து கழிவறை வரை நடக்கட்டும். தைலம் சின்னப் போத்தல் கைப்பையில் இருக்கட்டும்.

16 ஜூலை, இரவு 8.20

மருமகள் இப்போதுதான் இதையெல்லாம் முதலிலிருந்து படித்தாள். "மாமா, 10.30 நம்ம ஊர் நேரம், 1.40 இந்திய நேரம்" என்றாள்.

10.30லிருந்து 1.40 வரை அப்படியே கழித்திருக்கிறேன். செங்கல்பட்டில் 1.40 என்றால் இங்கே மாலை 4.10. மொத்தம் 15 மணி 10 நிமிடம் இல்லை, 17 மணி 40 நிமிடம். விமான நேரம் கால்வாசிக்கும் குறைவு. 13ஆம் தேதிக் குறிப்பில் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பிறைவாசி, உங்கள் மாமாவிடம் காட்ட வேண்டாம்.